தாரோ என்றொரு பெயர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் அகதிகளை நாம் அறிவோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. சட்டப்படி ஒரு வேலை என்பது அவர்களுக்கு நெடுங்காலமாகவே எட்டாக்கனி. 1933இல் பாரிஸ் வந்து சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

கெர்டா போஹோரில்லே 1910 ஆகஸ்டு 1ஆம் நாள் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்ததும், நாஜி எதிர்ப்புத் துண்டறிக்கை தொடர்பாக லைப்சிக்கில் கைதானார். வெளிவந்ததும் பாரிசுக்குத் தப்பினார். பெற்றோரை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை.

பாரிஸில் தட்டச்சு வேலை, அரைவயிற்றுச் சாப்பாடு. 1934இல் என்ட்ரே ஃபிரீட்மன் என்ற ஹங்கேரிய யூத அகதியைச் சந்தித்தார். கேமராவைக் கையாள அவர் கற்றுத்தந்தார். அவருடைய படங்களை விற்கும் பொறுப்பைக் கெர்டா ஏற்றார். ஆனால் அகதியின் படத்துக்கு யார் நல்ல விலை கொடுப்பார்? 1936இல் இருவரும் ஒரு தந்திரம் செய்தனர். ராபர்ட் கப்பா என்றொரு பணக்கார அமெரிக்கப் புகைப்படக்காரரைக் கற்பனையில் படைத்து, அவர் எடுத்தவை என்று சொல்லி விற்றனர். விலை ஏறியது! குட்டு வெளிப்பட்ட பிறகும் ஃபிரீட்மன் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். கெர்டாவும் தாரோ ஆனார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் இருவரும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்றனர். பார்சிலோனா கடற்கரையில் குதிகால் செருப்புடன் மண்டியிட்டுத் துப்பாக்கிப் பயிற்சி பெறும் பெண்ணைத் தாரோ எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. தொடக்கத்தில் அவர் எடுத்தவற்றுள் பல கப்பாவின் பெயரிலேயே வெளிவந்தன. தாம் பெற்றெடுத்த பெயருக்குள் தாமே மறைந்துபோனார் என்றால் மிகையாகாது. 1937இல்தான் தமக்கென ‘போட்டோ தாரோ’ என்ற முத்திரையைச் செய்துகொண்டார். அவ்வாண்டு மே மாதம், குண்டுவீச்சுக்குள்ளான வலென்சியாவில், பிணவறையின் கதவுக்கு வெளியே உறவுகளைத் தேடித் தவித்த முகங்களைப் படமெடுத்தார்.

அந்த முத்திரைக்குச் சில மாத ஆயுளே வாய்த்தது. ஜூலை 25ஆம் நாள் புருனேட் போர்முனையில் படை பின்வாங்கியபோது, காயம்பட்டோரை ஏற்றிச் சென்ற காரின் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வந்தார். டாங்கி ஒன்று மோதியது. மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 26. தமது 27ஆம் பிறந்தநாளன்று பாரிஸில் பெருந்திரள் சூழ அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய குடும்பத்தினரோ நாஜிகளின் இன அழிப்பில் மாண்டனர். படங்களுக்கு உரிமை கோர ஆளில்லை. பல பத்தாண்டுகள் கப்பாவின் காதலியாகவே பேசப்பட்டார். 2007இல், மெக்சிகோவில் கிடந்த சுமார் 4,500 நெகட்டிவ்கள் நியூயார்க் வந்து சேர்ந்தன. கப்பா, சிம் ஆகியோரின் படச்சுருள்களோடு தாரோவின் சுருள்களும் அவற்றில் இருந்தன. அதே ஆண்டு, அவருடைய படங்களுக்கென முதல் பெரும் கண்காட்சி அந்நகரில் நடைபெற்றது.