எஸ். கரிவரதன்

எஸ். கரிவரதன் (1954 - 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய வீரரும் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். கரி என்னும் சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்பட்டார். மாருதி 800 வண்டியின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்துகளை உருவாக்கி, குறைந்த செலவில் இந்திய இளைஞர்கள் பந்தயத்தில் ஈடுபட வழிவகுத்தார்.

பின்னணி

கரிவரதன் கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற கோயம்புத்தூர், வார்ப்படத் தொழிலிலும் மோட்டார், பம்புசெட்டு உற்பத்தியிலும் வளர்ந்த நகரமாகும். தேவையான உறுப்பை உள்ளூர்ப் பட்டறையிலேயே கடைந்து செய்துகொள்ளும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. கரிவரதனின் முயற்சிகளுக்கு இச்சூழல் பொருத்தமாக அமைந்தது.

அக்காலத்தில் தென்னிந்தியாவின் முதன்மையான பந்தயக் களமாக விளங்கியது சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம் ஆகும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான இங்கு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து பந்தய வண்டிகளைத் தருவிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலாக இருந்ததால், வசதி படைத்த சிலரே போட்டியிட முடிந்தது.

பார்முலா மாருதி

1983 ஆம் ஆண்டு இறுதியில் விற்பனைக்கு வந்த மாருதி 800, எடை குறைந்த மூன்று உருளை எஞ்சினைக் கொண்டிருந்தது. அதன் கொள்ளளவு 796 கன செ.மீ. உதிரி உறுப்புகள் நாடெங்கும் கிடைத்தன. கரிவரதன் இந்த எஞ்சினைப் பயன்படுத்தி எடை குறைந்த திறந்த சக்கர வண்டியை வடிவமைத்தார். 1980களின் இறுதியில் இவ்வகை வண்டிகளுக்கான பந்தயப் பிரிவு உருவாகி, பார்முலா மாருதி எனப் பெயர் பெற்றது. அனைவரும் ஒரே வகை எஞ்சினுடன் ஓடியதால், பணபலத்தை விட ஓட்டுநரின் திறமையே வெற்றியைப் பெரிதும் முடிவு செய்தது.

எஞ்சினும் கிராங்க் அறை அழுத்தமும்

குடும்ப வண்டிக்கென உருவான எஞ்சினைப் பந்தயத்தில் ஓட்டும்போது பல சிக்கல்கள் எழுகின்றன. அவற்றுள் ஒன்று கிராங்க் அறையில் சேரும் அழுத்தம். எரிபொருள் எரியும்போது வாயுவின் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே உள்ள கிராங்க் அறைக்குள் கசிகிறது. அது வெளியேறாவிட்டால் அழுத்தம் கூடி, எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் வழியே எண்ணெய் பீறிடும். எண்ணெய் எரியறைக்குள் புகுந்தால் புகை எழும், ஆற்றல் குறையும். தடத்தில் சிந்தினால் பின்னால் வரும் வண்டிகள் வழுக்கி விபத்துக்குள்ளாகும்.

சாலை வண்டிகளில் இவ்வாயுவை உறிஞ்சு குழாயிலுள்ள வெற்றிடம் ஒரு வால்வு வழியே இழுத்து மீண்டும் எரியறைக்கு அனுப்புகிறது. பந்தயத்தில் முடுக்கி பெரும்பாலும் முழுமையாகத் திறந்தே இருப்பதால் அந்த வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. வாயுக் கசிவு மிகுதியாக உள்ள அந்நேரத்திலேயே வால்வு பயனற்றதாகி விடுகிறது. எனவே பந்தய எஞ்சின்களில் அகலமான மூச்சுக்குழாய்களைப் பொருத்தி, வாயுவையும் எண்ணெய்த் துளிகளையும் தனிக் கலத்திற்குள் விடுவர். எண்ணெய் கலத்தில் தங்க, வாயு வெளியேறும். திறந்த மூச்சுக்குழாய் உள்ள 2000 கன செ.மீ. வரையிலான எஞ்சின்களுக்கு இக்கலம் குறைந்தது 2 லிட்டர் கொள்ள வேண்டும் என்பது பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதியாகும்.

பார்முலா 1 போன்ற உயர்நிலை எஞ்சின்களில் எண்ணெய் தனித் தொட்டியில் வைக்கப்படுகிறது. எண்ணெயை வெளியே இழுக்கும் பம்புகள் வாயுவையும் சேர்த்து இழுப்பதால் கிராங்க் அறை அழுத்தம் குறைகிறது. இம்முறை சிறந்தது எனினும் விலை மிகுந்தது. எளிய எஞ்சினை எளிய வழிகளால் பந்தயத்திற்கு ஏற்றதாக்குவதே தொடக்கநிலைப் பந்தயங்களுக்கு உகந்தது. பார்முலா மாருதி இப்பாதையைச் சேர்ந்ததாகும்.

மறைவு

கரிவரதன் 1995 ஆம் ஆண்டு வானூர்தி விபத்து ஒன்றில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 41.

தாக்கம்

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், பார்முலா மாருதி வண்டியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டினார். அவர் 2005 ஆம் ஆண்டு ஜோர்டான் அணியில் இணைந்து, பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2010 ஆம் ஆண்டு பார்முலா 1 களத்திற்கு வந்த சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் ஓட்டியவரே. தாம் அமைத்த படியில் ஏறியவர்கள் உலகக் களத்தை அடைந்ததைக் காணக் கரிவரதன் உயிருடன் இல்லை.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஏறத்தாழ 2.1 கி.மீ. நீளமுள்ள பந்தயத் தடத்திற்கு, இவர் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது.