விலகியும் விலகாதவர்

ஓர் இயக்கத்தை விட்டுப் பிரிபவர்களுள் பலர் கசப்புடனேயே பிரிகின்றனர். கருத்து வேறுபாடு வெறுப்பாகி, நேற்றுவரை உறவாயிருந்தவர் இன்று பகைவராகிறார். சகோதரி நிவேதிதையின் வாழ்க்கை வேறொரு வழியைக் காட்டுகிறது.

1867 அக்டோபர் 28-ஆம் நாள் அயர்லாந்தில், ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர் மார்கரெட் நோபிள். சுவாமி விவேகானந்தரின் அழைப்பை ஏற்று 1898 ஜனவரியில் கல்கத்தா வந்தார். மார்ச் 25 அன்று பிரம்மசரிய தீட்சை பெற்று நிவேதிதை ஆனார். அவ்வாண்டு நவம்பரில் பாக்பஜாரில் அவர் தொடங்கிய பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவி திறந்து வைத்தார்.

1902 ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி அடைந்தார். நிவேதிதையின் உள்ளமோ நாட்டு விடுதலையின் பக்கம் திரும்பியிருந்தது. அரசியலில் ஈடுபடக் கூடாது என்பது சுவாமிஜியே சங்கத்திற்கு வகுத்த நியதி. அதைக் கைவிடச் சங்கத்தால் இயலாது. தம் வழியைக் கைவிட அவராலும் இயலவில்லை. ஜூலை 18 அன்று சுவாமி பிரம்மானந்தருக்குக் கடிதம் எழுதி விலகினார். வேதனையை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அக்கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லை, வணக்கமே இருந்தது. இனித் தம் பணிகளுக்குச் சங்கம் பொறுப்பன்று என்பதைச் செய்தித்தாள் வழியாகவும் அறிவித்தார்.

பின்னர் பம்பாய் முதலிய நகரங்களுக்குச் சென்று சுவாமிஜியின் செய்தியைப் பரப்பினார். டிசம்பரில் சென்னை வந்தபோது சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அவரை அன்புடன் வரவேற்றார். அன்னையின் பாசமும் மாறவில்லை. 1906-இல் கிழக்கு வங்காளத்தைப் பஞ்சமும் வெள்ளமும் வாட்டியபோது கிராமம் கிராமமாகச் சென்று பணியாற்றினார். சுப்பிரமணிய பாரதியார் அவரைக் குருவாகக் கொண்டு, 1908-இல் வெளியிட்ட தமது பாடல் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். தம் குருவைப் பற்றி நிவேதிதை எழுதிய நூல் 1910-இல் வெளிவந்தது.

1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் அவர் மறைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு எழுதிய உயிலில், தம் உடைமைகளைப் பெண்கல்விக்கென ஒப்படைத்தார். யாரிடம்? தாம் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் விலகிய பேலூர் மடத்தின் அறங்காவலரிடம்! 1918-இல் அவரது பள்ளி மிஷனுடன் இணைந்தது.

உறுப்பினர் என்ற பெயர் நீங்கலாம். பட்ட கடன் நீங்குவதில்லை. மனச்சான்று ஆணையிடும்போது விலகுவதும் தர்மமாகலாம். எதில் வேறுபடுகிறோமோ அதில் மட்டும் வேறுபட்டு, மற்றவற்றில் அன்பைக் காப்பவரே அத்தர்மத்தைப் பழுதின்றி நிறைவேற்றுகிறார். பிரிந்து செல்பவரை வசைபாடாமல் வழியனுப்புவது எஞ்சியிருப்போரின் கடமை. நிவேதிதையின் வாழ்வில் இரு தரப்பினரும் இதைக் காத்தனர்.