அணையா அடுப்பு மூட்டிய அருளாளர்

அறங்கள் பலவற்றுள்ளும் அன்னமிடுதலே தலையாய அறம் என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. ஆலயங்கள்தோறும் விழாக் காலங்களில் அன்னதானம் தவறாது நடைபெறுவதும் அது பற்றியே. ஆயினும், இடப்படும் அன்னம் யாரைச் சென்றடைகின்றது? வரிசையில் வந்து நிற்கவும் வலிமையற்றோர், தம் பசியை வாய்விட்டுச் சொல்லவும் இயலாதோர் ஆகியோரின் நிலை யாது? இவ்வினாக்களுக்குத் தம் எழுத்தாலும் வாழ்வாலும் விடை தந்த மகான், வடலூர் இராமலிங்க அடிகளார் என்னும் திருவருட்பிரகாச வள்ளலார். தைப்பூசத் திருநாளில் முருகப் பெருமானுக்கு அன்பர்கள் காவடி ஏந்திச் செல்லும் அதே வேளையில், வடலூரில் அடிகளார் நிறுவிய சத்திய ஞானசபையில் ஜோதி தரிசனம் நடைபெறுகின்றது. ஆதலின் இத்திருநாளில் அப்பெருமானின் வரலாற்றை எண்ணிப் பார்த்தல் பெரிதும் பொருத்தமுடைத்து.

தோற்றமும் இளமையும்

சிதம்பரத்தை அடுத்த மருதூர் என்னும் சிற்றூரில், இராமையா பிள்ளை, சின்னம்மை தம்பதியருக்கு ஐந்தாவது மகவாக 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இராமலிங்கம் தோன்றினார். தந்தையார் ஊர்க் கணக்கராகவும் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுபவராகவும் விளங்கியவர். குழந்தை பிறந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே அவர் இறைவனடி சேர்ந்தார். ஆதரவிழந்த அன்னையார் தம் மக்களுடன் பொன்னேரியை அடுத்த தமது பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னையிற் குடியேறினார். மூத்தவரான சபாபதி பிள்ளை, சமயச் சொற்பொழிவுகள் ஆற்றிக் கிடைத்த வருவாயைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார். இல்லாமையின் துயரத்தை அடிகளார் ஏட்டில் படித்து அறிந்தாரல்லர். அவர் வளர்ந்த இல்லமே அதனை அவருக்கு உணர்த்தியது.

பள்ளிப் படிப்பில் நாட்டம் கொள்ளாத இளைஞர், கந்தகோட்டத்து முருகன் சந்நிதியையே தமது பாடசாலையாகக் கொண்டார். இளமையிலேயே பாடல்கள் பாடும் ஆற்றலும், சொற்பொழிவு ஆற்றும் திறமும் அவரிடம் வெளிப்பட்டன. உறவினரின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தமக்கையின் மகளான தனக்கோடி அம்மையாரை மணந்தபோதும், அவர் உள்ளம் இல்வாழ்வில் பற்றவில்லை. 1850-களின் இறுதியில் சென்னையை விட்டு நீங்கித் தென்னார்க்காட்டுப் பகுதியை அடைந்த அடிகளார், கருங்குழி என்னும் ஊரில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கியிருந்தார். 1865-ஆம் ஆண்டில், சாதி சமய வேறுபாடுகளைக் கடந்த சங்கம் ஒன்றனையும் நிறுவினார். சமரச வேத சன்மார்க்க சங்கம் என்பது அதற்கு அவர் முதலில் இட்ட பெயர்.

ஊரார் தந்த நிலம்

1866-ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் மழை பொய்த்துப் பஞ்சம் தலைகாட்டியது. பசியால் வாடியோரைக் கண்டு கசிந்துருகிய அடிகளார், பாடலோடும் கண்ணீரோடும் நின்றுவிடவில்லை. பசித்தவர் எவராயினும் எவ்வேளையும் வந்து உண்ணத்தக்க நிலையான சாலை ஒன்றனை அமைக்கத் திருவுளங்கொண்டார். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் வழியும், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் வழியும் கூடும் வடலூர் அதற்கு ஏற்ற இடமாயிற்று. பார்வதிபுரம் என்றும் வழங்கிய அவ்வூரின் மக்கள், அடிகளாரின் நோக்கத்தை அறிந்து 80 காணி நிலத்தை அளித்தனர். இஃது ஏறத்தாழ 106 ஏக்கர் ஆகும்.

இங்குக் கருதத்தக்க ஒன்று உண்டு. அந்நிலத்தை வழங்கியவர் மன்னரோ, ஜமீன்தாரோ, பெருவணிகரோ அல்லர். ஓர் ஊரின் குடிமக்கள் பலர் ஒன்றுகூடி இசைந்து தந்த கொடை அது. தனியொரு வள்ளலின் செல்வத்தை நம்பித் தொடங்கப்பெறும் அறம், அவர் காலத்தோடு அற்றுப்போதலும் உண்டு. ஊரே தாங்கும் அறம் தலைமுறைகளைக் கடந்து நிற்கும். சாலை இன்றளவும் நிலைபெற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமெனின் மிகையன்று.

1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிய வேண்டும் என்பது அடிகளாரின் கட்டளை. சோறிடுவதோடு சாலையின் பணி முடிந்துவிட வேண்டும் என்றும் அவர் எண்ணவில்லை. வைத்தியசாலை, சாத்திரசாலை, உபகாரசாலை எனப் பல கிளைகளை உடையதாக அதனை அவர் திட்டமிட்டிருந்தார். பசி நீங்கியவனுக்குப் பிணியும் நீங்க வேண்டும், அறியாமையும் நீங்க வேண்டும் என்பது அவர் கருத்து. எளிய மக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்தச் செய்ததும், மூலிகைகளின் குணங்களை வகுத்து எழுதியதும் இக்கருத்தின் வழிவந்தனவே.

உடற்குறையுற்றோர் சிந்திய கண்ணீர்

தருமச்சாலைத் தொடக்கத்தின்போது படிக்கப்பெற்றது, அடிகளார் உரைநடையில் இயற்றிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூல். உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாகப் பகுத்து, அவற்றுள் பசியையும் கொலையையும் நீக்குதலே முதன்மையானது என்று அந்நூல் நிறுவுகின்றது. பசித்தவரின் நாடு, சாதி, சமயம், ஒழுக்கம் முதலியவற்றை ஆராயாமல் உணவளித்தல் வேண்டும் என்பதும் அதன் உறுதியான கட்டளை.

அந்நூலில் பசித்தோரின் மனநிலைகளை அடிகளார் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கும் பகுதி, கல் நெஞ்சையும் கரைக்க வல்லது. மானத்தால் தம் பசியைப் பிறரிடம் கூற நாணி உள்ளுக்குள்ளேயே வெந்துபோவோரை அங்கே காண்கின்றோம். அவர்களோடு பார்வையற்றோரும், செவி கேளாதோரும், வாய் பேச இயலாதோரும், நடக்க இயலாதோரும் காட்சி தருகின்றனர். உறுப்புகளில் குறைவில்லாமல் உழைக்க வல்லவர்களே உணவின்றித் தவிக்கும் உலகில், தங்களுக்குச் சோறு எவ்வழியில் கிடைக்கும் என்று எண்ணி எண்ணி ஏங்கும் அவர்களின் கண்ணீரை அடிகளார் கண்டார். அக்கண்ணீரைத் துடைத்தலே ஜீவகாருண்யம் என்று அவர் வரையறுத்தார்.

உடற்குறையுற்றோரைப் பலரும் இரக்கத்துடன் நோக்கி ஒரு காசு ஈந்து அப்பாற் சென்ற காலம் அது. அடிகளாரோ அவர்களது உள்ளத்தினுள் புகுந்து, அவர்கள் எவ்வாறு சிந்திப்பர், எதற்கு அஞ்சுவர் என்பதை எடுத்துக் காட்டினார். ஈகையின் தொடக்கம் கையில் அன்று, பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக உணரும் நெஞ்சில் என்பதே இதன் பொருள்.

வினைப்பயன் என்னும் சாக்கு

இவ்விடத்தில் ஒரு தடை எழக்கூடும். ஊனமும் வறுமையும் முற்பிறப்பில் செய்த தீவினையின் பயன் அல்லவா? இறைவன் விதித்த தண்டனையை அனுபவிப்பவருக்கு உதவுதல், இறைவன் ஆணைக்கு மாறாகாதா? சமய நம்பிக்கை உடையோர் நாவிலேயே இவ்வினா எழுதலும் உண்டு. அடிகளார் வினைக் கொள்கையை மறுத்தாரல்லர். ஆனால் ஈயாமைக்கு அதனை ஒரு சாக்காகக் கொள்வதை அவர் ஒப்பவே இல்லை.

அதற்கு அவர் காட்டிய உவமை எளியது. கொடிய குற்றம் புரிந்தோரை அரசன் சிறையில் அடைக்கின்றான். ஆயினும் தன் சேவகரைக் கொண்டு அவர்களுக்கு உணவளிக்கச் செய்கின்றான். சிறிய பிழை செய்தோரைப் பணியிலிருந்து நீக்கி ஊர்ப்புறத்தே விடுகின்றான். அவர்கள் பிச்சை ஏற்கும்போது இரக்கமுள்ள இல்லறத்தார் அன்னமிட்டால், அதனைக் கேட்டு அவன் மகிழ்வானேயன்றிச் சினம் கொள்ளான். மண்ணாளும் மன்னனே இவ்வாறாயின், கருணையே வடிவான இறைவன் தன் பிள்ளைகளுக்கு உணவிடுவோரை வெறுப்பானோ? வினையை ஆராய்தல் இறைவன் செயல். பசியை ஆற்றுதல் நம் செயல். இந்தத் தெளிவே அடிகளார் தமிழுலகிற்கு அளித்த பெருங்கொடை எனலாம்.

செல்வர்க்கும் எளியோர்க்கும் ஒரே நெறி

திருமணம் முதலான விசேட காலங்களில் பந்தல் அலங்காரங்களிலும் ஆடல் பாடல்களிலும் திளைத்திருப்போர், பசித்தவர் முகத்தை ஏறிட்டும் பாராதிருப்பதை அடிகளார் வருத்தத்துடன் எடுத்துக்காட்டினார். அதற்காகச் செல்வர்கள் மட்டுமே ஈய வல்லவர் என்று அவர் கூறவில்லை. தீராப் பிணியால் வருந்துவோரும், மகப்பேறு வேண்டுவோரும், பசித்தோர்க்கு உணவளித்தலையே தத்தம் தரத்திற்கு ஏற்ற விரதமாகக் கொள்ளுமாறு வழிகாட்டினார். கொடையின் அளவு அவருக்குப் பெரிதன்று. அஃது உற்ற வேளையில் உற்றவரைச் சேர்வதே பெரிது.

ஜோதியும் மறைவும்

வடலூரில் அடிகளார் எழுப்பிய சத்திய ஞானசபை, 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் தைப்பூசத்தன்று தொடங்கப்பெற்றது. ஏழு திரைகள் விலகியபின் ஜோதி காணும் வழிபாடு அங்கு நடைபெறுகின்றது. ஒளி வழிபாட்டுக்கு உரிய சபையை எழுப்புவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே பசியாற்றும் சாலையை அவர் அமைத்துவிட்டார் என்பதை ஆலயத் தொண்டர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அடுப்பின் தீயே முதலில் ஏற்றப்பெற்றது. ஞானசபையின் ஜோதி அதன் பின்னரே ஏற்றப்பெற்றது.

1870-ஆம் ஆண்டு முதல் மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்னும் இல்லத்தில் தங்கிய அடிகளார், 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அங்கு ஓர் அறையினுள் புகுந்து கதவை அடைக்கச் செய்தார். அதன்பின் அவர் திருமேனியைக் கண்டார் எவருமிலர். அவர் ஒளியுடம்பு பெற்று இறைவனோடு கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் தென்னகத்தைச் சூறையாடியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அக்கொடுமையில் மாண்டோர் எண்ணற்றோர். பசியை ஆற்றுதலே முதற்கடமை என்று அடிகளார் வற்புறுத்தியதன் உண்மையை அப்பஞ்சம் நாட்டுக்கு உணர்த்தியது. அவர் தொடங்கிய சாலையோ, அவருக்குப் பின்னும் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. இன்று தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறையின் நிருவாகத்தில், நாள்தோறும் அங்கு அன்னம் வழங்கப்படுகின்றது. அடிகளார் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்று அவ்வரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்தது.

நாம் செய்யத்தக்கது

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் ஏற இயலாத முதியோரும் உடற்குறையுற்றோரும் அடிவாரத்திலேயே நின்று கைகூப்புவதைக் காணலாம். தண்ணீர்ப் பந்தல்களிலும் அன்னதான மண்டபங்களிலும் நீண்ட வரிசையின் கடைசியில் அவர்கள் காத்திருக்க நேரின், வள்ளலார் வரலாற்றை நாம் படித்தும் பயன் கொள்ளாதவராவோம். முதல் இலை அவர்களுக்கு இடப்பெறட்டும். வர இயலாதோர் இல்லத்திற்கும், அவர்களைப் பேணும் காப்பகங்களுக்கும் அன்னம் நம் கையாலேயே சென்று சேரட்டும். விழாவிற்கென ஒதுக்கும் பொருளில் ஒரு பங்கு, விழா முடிந்த பின்னரும் அவர்தம் கல்விக்கும் மருத்துவத்திற்கும் ஆண்டு முழுதும் பயன்படட்டும்.

வடலூரில் மூட்டப்பெற்ற அடுப்பைக் காத்து வருவோர் அங்கு உளர். அந்த அடுப்பு நம் ஊர்களிலும் எரிய வேண்டுமாயின், அதற்குரிய விறகை நாமே இட வேண்டும். இறையருள் அதற்குத் துணை நிற்பதாக!