ஊர் திரும்பிய இதயம்

மாலை ஆறு மணிக்கு மயிலாப்பூர்த் தெருக்களில் நடந்து போயிருக்கிறீர்களா? ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும், வர்ணம் கேட்கும். இன்னொரு வீட்டில் யாராவது ஒரு பிள்ளை கீ-போர்டில் வாசித்துப் பழகிக்கொண்டிருக்கும். பியானோ கற்கும் பிள்ளைகள் எல்லோரும் என்றாவது ஒருநாள் கேள்விப்படும் பெயர், ஃபிரடெரிக் ஷோபான். அவர் யார் தெரியுமா?

போலந்து நாட்டில் வார்சா நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் 1810-ம் ஆண்டு பிறந்தவர் ஷோபான். அப்பா பிரான்சிலிருந்து வந்து குடியேறிய ஆசிரியர். அம்மா போலந்துப் பெண்மணி. லுட்விகா என்று ஓர் அக்கா, இரண்டு தங்கைகள். சிறு வயதிலேயே பியானோவில் அபாரத் திறமை காட்டினான் ஃபிரடெரிக். 7 வயதில் அவன் அமைத்த இசை அச்சாகி வெளிவந்தது. 8 வயதில் மேடை ஏறிக் கச்சேரி செய்துவிட்டான்!

ஆனால் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. மெலிந்த தேகம், அடிக்கடி இருமல். வளர்ந்த பிறகும் மற்றவர்களைப் போல் ஓங்கி அடித்து வாசிக்க அவரால் முடியவில்லை. அதனால் மனம் சோர்ந்தாரா? இல்லை. மெல்லத் தொட்டே எத்தனை விதமான ஒலிகளை எழுப்பலாம் என்று தேடத் தொடங்கினார்.

1830-ம் ஆண்டு, 20 வயதில், அக்கா வாசித்துப் பழகுவதற்காக ஒரு சிறிய இசையை எழுதிக் கொடுத்தார். குழந்தைகளே, இந்த இசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் வரும்.

அதே ஆண்டு நவம்பரில் வெளிநாடுகளில் கச்சேரி செய்யப் புறப்பட்டார். அவர் கிளம்பிச் சில வாரங்களிலேயே, போலந்தை ஆண்டுவந்த ரஷ்யாவுக்கு எதிராக வார்சாவில் புரட்சி வெடித்தது. மறு ஆண்டு ரஷ்யப் படை அதை அடக்கிவிட்டது. ஷோபான் பாரிஸ் நகரில் தங்கினார். அதன்பின் சாகும்வரை தாய்நாட்டு மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

பாரிஸில் பியானோ சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பெரிய அரங்குகளும் கூட்டமும் அவருக்குப் பிடிக்காது. வாழ்நாள் முழுவதும் அவர் செய்த பொதுக் கச்சேரிகள் சுமார் 30 தான். நண்பர்களின் வீடுகளில், பத்துப் பேர் சூழ்ந்திருக்க வாசிப்பதே அவருக்கு இன்பம்.

அப்படி வாசிக்க ஏற்றவை 'நாக்டர்ன்' என்ற இசை வடிவங்கள். இரவுக்குரிய இசை என்று பொருள். அந்தப் பெயரில் முதலில் பியானோ இசை அமைத்தவர் அயர்லாந்துக்காரரான ஜான் ஃபீல்டு. அதை உலகப் புகழ் பெறச் செய்தவர் ஷோபான். அவர் எழுதிய நாக்டர்ன்கள் மொத்தம் 21.

நாக்டர்னில் பெரும்பாலும் இடது கை அலை அலையாக ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். வலது கை அதன்மேல் பாடும். ஆம், பாடும்! பியானோ கற்க வேண்டுமானால் நல்ல பாடகர்களைக் கேளுங்கள் என்பதுதான் ஷோபான் தன் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை. நம் பாட்டு வகுப்பில் கீர்த்தனையின் ஒரே வரியைச் சங்கதி சங்கதியாகப் பாடுவோம் அல்லவா? 1832-ல் வெளிவந்த அவருடைய மிகப் பிரபலமான நாக்டர்னிலும் அதே மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் புதிய அழகோடு வரும்.

1849-ல் நோய் முற்றியது. செய்தி அறிந்து வார்சாவிலிருந்து ஓடோடி வந்தார் அக்கா லுட்விகா. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று, 39 வயதில் ஷோபான் காலமானார். உடல் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் இதயம் மட்டும் ஊர் திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அக்கா அதை ஒரு கண்ணாடிச் சாடியில் பத்திரப்படுத்தி, ரஷ்யக் காவலர்களின் கண்ணில் படாமல் வார்சாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்று அது அங்குள்ள திருச்சிலுவை தேவாலயத்தின் ஒரு தூணுக்குள் இருக்கிறது.

அக்காவுக்காக எழுதிய அந்த இசை, அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழித்து 1875-ல் அச்சானது. அதுவும் ஒரு நாக்டர்ன்தான். ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் வார்சா நகரம் இடிந்து கிடந்தது. ஷோபானின் இசையை வாசிக்க ஜெர்மானியர்கள் தடை விதித்திருந்தார்கள். 1944-ம் ஆண்டின் கடைசியில், பாழடைந்த ஒரு கட்டடத்தில் பசியோடு ஒளிந்திருந்தார் ஷ்பில்மான் என்ற யூதப் பியானோ கலைஞர். குடும்பத்தையே நாஜிகளுக்குப் பலிகொடுத்தவர் அவர். ஒருநாள் ஹோசன்ஃபெல்டு என்ற ஜெர்மானிய அதிகாரி அவரைக் கண்டுபிடித்துவிட்டார். என்ன தொழில் என்று கேட்டார். பியானோ கலைஞர் என்றதும் அங்கிருந்த பழைய பியானோவைக் காட்டி வாசிக்கச் சொன்னார். பல மாதங்களாகப் பழக்கமில்லாத, விறைத்துப்போன விரல்கள். ஷ்பில்மான் வாசித்தது எதைத் தெரியுமா? ஷோபான் அக்காவுக்கு எழுதிய அதே நாக்டர்னை!

அந்த அதிகாரி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேலே பரணில் ஒளிந்துகொள்ள உதவினார். ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். குளிருக்குக் கோட்டும் கொடுத்தார். ஷ்பில்மான் பிழைத்தார். 2000-ம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

போரின்போது வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்த ஷோபானின் இதயமும், 1945-ல் அவருடைய நினைவு நாளன்று தேவாலயத்துக்குத் திரும்பியது.

இன்னொரு செய்தி. நம் சென்னையின் பழம்பெரும் இசைக்கருவிக் கடையான 'மியூசி மியூசிக்கல்' 1842-ல் தொடங்கப்பட்டது. அப்போது ஷோபான் பாரிஸில் உயிரோடு இருந்தார்! அன்றுமுதல் இன்றுவரை நம் ஊரிலும் பியானோ ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உங்களில் சிலருக்குச் சன்னமான குரல் இருக்கலாம். வகுப்பில் சத்தமாகப் பேசத் தயக்கமாக இருக்கலாம். கவலை வேண்டாம். ஷோபானும் மெல்லத்தான் வாசித்தார். இன்றிரவு படுக்கப் போகும் முன், அப்பா அம்மாவிடம் சொல்லி அவருடைய நாக்டர்ன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.