எண்களிலும் அமானிதம் பேணிய அறிஞர் அல்பிரூனி

பள்ளி ஆய்வகத்தில் நம் பிள்ளைக்குக் கிடைத்த விடை புத்தகத்தில் உள்ள விடையோடு பொருந்தவில்லை. அப்போது என்ன நடக்கிறது? பெரும்பாலும் அந்த எண்ணைச் சற்றே திருத்தி எழுதிவிடுகிறார்கள். நாமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் முன்னோடி ஒருவர் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டார்.

அபூ ரைஹான் அல்பிரூனி (ரஹ்) ஹிஜ்ரி 362இல், அதாவது கி.பி. 973இல், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள குவாரிஸ்ம் பகுதியில் பிறந்தார். 1017இல் சுல்தான் மஹ்மூத் கஸ்னவி அந்நாட்டைக் கைப்பற்றியபோது கஸ்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பின் அவரது வாழ்வு அந்த அரசவையைச் சார்ந்தே அமைந்தது.

மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் போய்விடும் என்று அக்கால நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்தன. அல்பிரூனி ஒன்பது மாதங்கள், வெயிலிலும் குளிரிலும், பாம்புக்கு மரகத மாலை போட்டுக்கூடச் சோதித்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பலர் சொல்லிவிட்டார்கள் என்பது ஆதாரமாகாது என்று அவர் அதையே பதிவு செய்தார்.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். பின் அதன் உச்சியில் நின்று தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்ற கோணத்தை அளந்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அவருக்கு முன் கலீஃபா மஃமூனின் வானியலாளர்கள் பாலைவனத்தில் நடந்து அளந்து, ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று கண்டிருந்தனர். அல்பிரூனியின் விடை அதற்கு நெருக்கமாக வந்தது. ஆனால் ஒன்றாக இல்லை.

தம் எண்ணை அவர் திருத்தவில்லை, மறைக்கவும் இல்லை. கிடைத்ததைக் கிடைத்தபடி எழுதிவிட்டு, அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை, உழைப்பும் அதிகம் என்பதால் அவர்கள் கண்ட அளவையே ஏற்றுக்கொண்டார். புதிய வழியைக் கண்டவர், தம் பெயர் நிலைப்பதைவிட அளவு சரியாக இருப்பதே முக்கியம் என்று கருதினார்.

இந்தியாவைப் பற்றி எழுதுவதற்காக சமஸ்கிருதம் கற்றார். 1030 வாக்கில் நிறைவுற்ற அந்நூலின் தொடக்கத்திலேயே, மனிதர்கள் ஏன் தவறான செய்தி தருகிறார்கள் என்று ஆராய்கிறார்: சுயலாபம், தன் கூட்டத்தின் மீதுள்ள பற்று, பிறர் மீதுள்ள வெறுப்பு, அறியாமை. மாற்று மதத்தவரின் கொள்கையை எழுதும்போது, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே தந்தார். மஹ்மூதின் படையெடுப்புகள் அந்நாட்டின் செழிப்பை அழித்ததையும், அதனால் மக்கள் மனத்தில் முஸ்லிம்கள் மீது வெறுப்பு வேரூன்றியதையும் மறைக்கவில்லை. கஸ்னி அரசின் நிழலில் வாழ்ந்துகொண்டே இதை எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

தனக்குச் சாதகமாக, தன் சமூகத்துக்குச் சாதகமாக, தன்னை ஆள்பவருக்குச் சாதகமாக – இந்த மூன்று பக்கமும் அவர் தராசைச் சாய்க்கவில்லை. கிடைத்த தகவல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாக இருந்தது.

நம் வீடுகளில் இன்று மருத்துவ ஆய்வு செய்பவர்களும், கணக்காய்வாளர்களும், புள்ளிவிவரம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆய்வக விடை பொருந்தவில்லை என்று பிள்ளை வந்து நிற்கும்போது, வந்த எண்ணையே எழுதச் சொல்வோம். ஏன் வேறுபட்டது என்பதையும் அடுத்த வரியில் எழுதச் சொல்வோம்.