ஜேம்ஸ் வாட்டும் பரிவலுக் கணக்கும்

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறும் பாதையில், சுமையேற்றிய லொறியொன்று வளைவுக்கு வளைவு கியரை மாற்றி முனகிச் செல்வதை நம் கல்லூரியிற் பயின்றோர் யாவரும் கேட்டிருப்பர். அதன் எஞ்சினுக்கு இத்தனை பரிவலு என விற்பனைப் பத்திரத்தில் அச்சிட்டிருக்கும். அதில் எவ்வளவு சக்கரத்தை வந்தடைகின்றது என்பதைப் பத்திரம் கூறுவதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை இம்மலரில் எழுத முற்பட்ட நாம், பரிவலு என்னும் அளவை உலகில் நிலைநாட்டிய ஜேம்ஸ் வாட்டின் வரலாற்றிலிருந்து தொடங்குதலே முறையெனக் கண்டோம்.

வாட் 1736ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் கிறீனொக் நகரிற் பிறந்தார். (நம் அயலிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே.) இளமையிலே நோயாளி, தலைவலி அவரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை. 1757 முதல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கருவிகள் செய்வோராக அமர்ந்தார். 1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பழுதுற்ற நியூக்கொமன் நீராவி எஞ்சின் மாதிரியொன்று திருத்துதற்காக அவரிடம் வந்தது. மாதிரியைத் திருத்தியும் அது சில அடிகளே இயங்கி நின்றது. ஒவ்வோர் அடிக்கும் உருளையைக் குளிரச்செய்து மீண்டும் சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாவதை அவர் கண்டார். 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோப் பசும்புற்றரையில் உலாவுகையில், நீராவியை வேறொரு கலத்திற் குளிர்வித்தால் உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்குமென்னும் எண்ணம் அவருக்கு உதித்தது.

எண்ணம் ஒரு நாளில் வந்தது. பயன் வரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. 1769இல் காப்புரிமை பெற்றார். துணைநின்ற றோபக் பொருளிழந்து நொடித்தார். 1773இல் மனைவி மார்கிறற் இறந்தார். 1775இல் பேர்மிங்காம் தொழிலதிபர் மத்தியூ போல்ற்றனுடன் கூட்டுச் சேர்ந்த பின்னரே நல்ல காலம் பிறந்தது. காப்புரிமையையும் 1800 வரை நீடிக்கச் செய்தனர்.

ஊதியம் பெறுவது எங்ஙனம் என்பதே இனி எழுந்த வினா. கோண்வால் சுரங்கங்களில் நீரிறைக்கும் எஞ்சின்களுக்கு ஒரு வழி கண்டனர்: பழைய எஞ்சினோடு ஒப்பிட மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கு கூட்டுக் கம்பனிக்குரியது. எஞ்சின் எத்தனை அடி அடித்தது என எண்ணும் கருவியைப் பூட்டிய பெட்டியில் வைத்தனர். மிச்சம் கண்ணிற்குத் தெரியாத பொருள். அதற்குப் பணம் கொடுக்கச் சுரங்க முதலாளிகள் முணுமுணுத்தனர். வழக்குகள் 1799 வரை நீண்டன. ஆலைகளைச் சுழற்றும் எஞ்சின்கள் வந்தபோது இவ்வழியும் அடைபட்டது. அவ்வாலைகளில் முன்பு குதிரைகளே செக்கிழுத்தன. ஒப்பிடுதற்குப் பழைய எஞ்சின் இல்லை. ஆகவே குதிரையையே அளவுகோலாக்கினார் வாட். பன்னிரண்டு அடி ஆரையுள்ள வட்டத்தில், மணிக்கு 144 சுற்று, 180 இறாத்தல் இழுவை என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,500 அடியிறாத்தலுக்குச் சற்று மேல் வரும். 1783 அளவில் அது 33,000 என நிலைபெற்றது. நாள் முழுதும் உழைக்கும் சாதாரணக் குதிரைக்கு இவ்வளவு இயலாது; எனவே பத்துப் பரிவலு எஞ்சினை வாங்கியவன் பத்துக் குதிரைக்குக் குறைவாகப் பெற்றேன் என வழக்காட இடமில்லாதிருந்தது. வணிகமும் நேர்மையும் இங்ஙனம் கைகோத்தமை எமக்கு வியப்பே.

ஆயினும் அந்த 33,000ஐ எஞ்சினின் எவ்விடத்தில் அளப்பது? வாட் உருளையினுள்ளே அளந்தார். விற்சுருள் பூட்டிய சிறு முசலமொன்றை உருளையோடு இணைத்து, உள்ளமுக்கத்தை அறியும் காட்டியை ஆக்கினார். அவருடைய உதவியாளர் சதர்ன் 1796இல் நகரும் பலகையும் பென்சிலும் சேர்த்து, ஒவ்வோர் அடியின் வேலையையும் படமாக வரையச் செய்தார். இதனைக் கம்பனி நெடுங்காலம் மறைபொருளாகவே வைத்திருந்தது. முசலம் பெற்றதை அக்கருவி சரியாகவே சொல்லும். எனினும் அச்சாணி வரை வந்தது எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. 1819 ஓகத்து 25இல் வாட் காலமானார். இரண்டாண்டுகளின் பின், 1821இல், பிரெஞ்சுப் பொறியியலாளர் புரோனி, சுழலும் அச்சாணியை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, நீண்ட நெம்புகோலின் நுனியில் நிறைதொங்கவிட்டு, வெளிவரும் வலுவை நேரே அளக்கும் தடுப்பைச் செய்தார். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் உள்ள இடைவெளி அன்று முதல் அளந்தறியக்கூடியதாயிற்று.

இவ்விடைவெளியை நாம் சிறுவராயிருந்தபோதே கண்டோம், பெயர்தான் தெரியவில்லை. அயலிலுள்ள தோட்டத்து ஸ்டோரில் ஒரே எஞ்சின். கூரையின் கீழ் நீண்ட தண்டு. அதிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி றோலர்களைச் சுழற்றும். ஈரநாட்களிற் பட்டி வழுக்கும். கொழுந்து அரைபடுவது தளரும். எஞ்சினோ முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும்.

மோட்டார் வண்டியிலும் இதுவே நிகழ்கின்றது. சக்கரங்களை உருளைகளின்மீது ஏற்றி அளக்கும் பொறி, தைனமோமீற்றர், சக்கரத்துக்கு வந்த வலுவை மாத்திரமே கூறும். கியர்ப்பெட்டி, பின்னச்சுப் பற்சக்கரங்கள், தாங்கிகள், உருளையின்மேல் நசுங்கும் ரயர் யாவும் இடையிலே தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சினைக் கழற்றாது அதன் வலுவை மதிப்பிட விரும்புவோர் நூற்றுக்குப் பதினைந்து எனக் கூட்டிவிடுவது வழக்கம். இதனை நாம் ஏற்கோம். 80 பரிவலு சக்கரத்தில் வந்ததாகக் கொள்வோம். 80இல் பதினைந்து வீதம் கூட்டினால் 92. எஞ்சினின் வலுவிற் பதினைந்து வீதம் இழந்தது எனக் கணித்தால் 94. ஒரே வீதத்திலேயே இரு விடை! மேலும், அதே வண்டியில் இருமடங்கு வலிய எஞ்சினைப் பூட்டினால், இழப்பும் இருமடங்காகிவிடாது. இழப்பிற் பெரும்பகுதி வேகத்தைப் பொறுத்ததேயன்றி வலுவைப் பொறுத்ததன்று.

நல்வழி இது. அளந்து முடிந்ததும் கிளச்சை மிதித்து, கியர் விழாதபடி, உருளைகள் தாமாகவே வேகம் குறைய விடவேண்டும். உருளைகளினதும் சக்கரங்களினதும் சடத்துவம் தெரிந்ததாகையால், குறையும் விரைவிலிருந்து ஒவ்வொரு வேகத்திலும் இழப்பைக் கணிக்கலாம். அது பன்னிரண்டாயின் எஞ்சினின் வலு 92. சுமையின்றிச் சுழலும் பற்களில் உராய்வு குறைவாதலால், உண்மை இழப்பு இதனினும் சிறிது கூடவே இருக்கும். அதனையும் குறிப்பிற் சேர்த்தெழுதுவதே நேர்மை.

மலைநாட்டார் காற்றையும் மறத்தலாகாது. ஊதற்பொறியில்லாத எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதம் வலு இழக்கும். கலஹாவில் அளந்ததைக் கொழும்பில் அளந்ததோடு ஒப்பிடுவோர், காற்றமுக்கத்தையும் வெப்பத்தையும் குறித்துத் திருத்திய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

1800இல் ஓய்வுபெற்ற வாட், ஹீத்பீல்ட் மாளிகையின் மாடியறையில் சிற்பங்களைப் பார்த்துப் படியெடுக்கும் பொறியொன்றைத் திருத்துவதிலே தம் முதுமையைக் கழித்தார். அவ்வறையை அவர் மறைவின்பின் நெடுங்காலம் பெரும்பாலும் அவர் விட்டவாறே பேணினர். 1924இல் அது பொருள்களுடன் இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது.