மனித மொழியைக் கணனிக்குப் புரியவைத்த கிரேஸ் ஹொப்பர்

நமக்குத் தெரிந்த மொழியிலேயே கேட்டால் கடிதம் எழுதித் தரும், கணக்கைச் சரிபார்க்கும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் இன்று அலுவலகங்களுக்குள் வந்துவிட்டன. எழுதுவினைஞர் முதல் கணக்காளர் வரை தமது தொழில் பறிபோகுமோ என்று அஞ்சுகின்றனர். இவ்வேளையில், மனிதன் இயந்திரத்தின் மொழியைக் கற்பதைவிட இயந்திரமே மனிதனின் மொழிக்கு இணங்கிவர வேண்டுமென ஏழு தசாப்தங்களுக்கு முன்னர் வாதாடிய ஒரு பெண்மணியை நாம் நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

கிரேஸ் ஹொப்பர் 1906 டிசம்பர் 9 ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். சிறுவயதில் வீட்டிலிருந்த அலாரம் மணிக்கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்த அவர், 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாஸர் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. வயதும் உடல் எடையும் தடையாக இருந்தபோதிலும் விடாமுயற்சியால் 1943 இல் அமெரிக்கக் கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். மறுவருடம் ஹார்வர்டில் இருந்த மார்க் 1 என்ற 51 அடி நீளமான கணிப்பொறியில் பணியாற்ற அனுப்பப்பட்டார்.

அக்காலத்தில் கணனிக்கு இடும் கட்டளைகள் அனைத்தும் எண்களாகவும் குறியீடுகளாகவும் மாற்றப்படவேண்டியிருந்தன. முன்னர் எழுதிய கட்டளைகளைக் குறிப்பேடுகளிலிருந்து கையால் பிரதிசெய்தபோது பிழைகள் மலிந்தன. சலிப்பூட்டும் இந்த வேலையைக் கணனியிடமே ஏன் ஒப்படைக்கக்கூடாது என்று ஹொப்பர் சிந்தித்தார். 1949 இல் யூனிவக் கணனியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்த அவர், 1952 இல் கொம்பைலர் எனப்படும் மொழிமாற்றுச் செய்நிரலின் முன்னோடியை ஆக்கினார்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. சம்பளப் பட்டியலும் இருப்புக் கணக்கும் தயாரிப்போர் கணிதக் குறியீடுகளை விரும்புவதில்லை என்பதைக் கண்டு, சாதாரண ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிட வழிசெய்ய முற்பட்டார். கணனிக்கு ஆங்கிலம் புரியாது என மேலதிகாரிகள் மறுத்தனர். செய்நிரல் எழுதுவதைத் தமக்கே உரிய வித்தையாகக் கருதியோரும் எதிர்த்தனர்.

அவரோ மேலும் ஒருபடி சென்று, அதே செய்நிரலை பிரெஞ்சுச் சொற்களாலும் ஜேர்மன் சொற்களாலும் இயக்கலாம் என நிரூபித்துக் காட்டினார். அமெரிக்கக் கணனி அந்நிய மொழிகளை விளங்கிக்கொள்வதா எனத் திகைத்த நிர்வாகத்திடம், ஆங்கிலத்தை மட்டுமே பயன்படுத்துவதாக அவர் உறுதியளிக்க நேர்ந்தது. இம்முயற்சியில் உருவான ஃப்ளோ-மெட்டிக் என்ற மொழி, 1959 இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட கொபோல் மொழிக்கு அடித்தளமாயிற்று.

அவரது பணியால் செய்நிரலாளரின் தொழில் அழிந்துவிடவில்லை. அதன் இயல்பே மாறியது. பிரதிசெய்யும் வேலை இயந்திரத்திடம் சென்றது. வங்கிகளிலும் அரச திணைக்களங்களிலும் புதிய தொழில்கள் தோன்றின. 2020 ஆம் ஆண்டு கொவிட் தொற்றின்போது, வேலையற்றோர் கொடுப்பனவு வழங்கும் பழைய கணனிகளைப் பராமரிக்க கொபோல் அறிந்தோரை நியூஜேர்சி மாநிலம் தேடியலைந்தது. இயந்திரத்தின் உள்ளியல்பை அறிந்தவரின் தேவை முற்றாக அற்றுப்போவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

ஹொப்பர் 1986 இல் தமது 79 ஆவது வயதில் ரியர் அட்மிரல் தரத்தில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றார். மின்சமிக்ஞை ஒரு நனோ செக்கனில் செல்லக்கூடிய உச்ச தூரத்தைக் காட்ட, சுமார் 30 சென்ரிமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளை விரிவுரைகளில் கையளிப்பது அவரது வழக்கம். 1992 ஜனவரி 1 ஆம் திகதி அவர் காலமானார்.

தமிழ் பேசும் மக்களாகிய நாம் அவரது வாழ்விலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளை மறுத்தது இயந்திரமல்ல. அதனை ஆண்ட மனிதர்களே. நாளைய தொழிற்களத்தில் தமிழும் பயன்பாட்டு மொழியாக விளங்குமா என்பதையும் மனிதர்களே தீர்மானிப்பர். எமது கணக்கேடுகளும் கடிதங்களும் பாடநூல்களும் கணனியில் தமிழில் பெருகினால் மட்டுமே அத்தீர்மானம் எமக்குச் சாதகமாக அமையும்.